தமிழ்நாட்டில் மகரந்தம் சுமக்கும் பட்டாம்பூச்சிகள்: பரவலும் பாதுகாப்பும்

தமிழ்நாட்டின் மாநில மலர் செங்காந்தள். திருப்பூர் மாவட்டத்தின் மூலனூர், தாராபுரம் பகுதிகளிலும், திண்டுக்கல் மாவட்டத்தின் ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலும், வேதாரண்யத்தின் மணற்பாங்கான நிலங்களிலும் இது பணப்பயிராக வளர்க்கப்படுகிறது. கொங்குப் பகுதியில் இதைக் கண்வலிக்கிழங்கு என்பர். இதன் விதையில் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. கவுட் என்னும் மூட்டு நோய்க்கான மருந்து அதிலிருந்து தயாராவதால் விதை ஏற்றுமதியாகிறது. கொடி பூக்கும் பருவத்தில் இந்தத் தோட்டங்களில் ஒரு வேலை நாள் தவறாமல் நடக்கும். காலையிலேயே ஆட்கள் வரிசைகளுக்குள் இறங்கி, பூக்களிலிருந்து மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். இதைச் செய்யாவிட்டால் காய்ப்பிடிப்பு குறைந்துபோகும். காந்தளைப் பெண்களின் விரலுக்கு ஒப்பிட்டது சங்க மரபு. இன்று அந்தப் பூவுக்குப் பூச்சி செய்ய வேண்டிய வேலையை விரல் செய்துகொண்டிருக்கிறது.

காட்டில் வளரும் செங்காந்தளுக்கு யாரும் இப்படிச் செய்வதில்லை. அதன் பூ தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். ஆறு மகரந்தத்தாள்களும் சக்கரத்தின் ஆரங்கள் போல வெளியே நீண்டிருக்கும். சூல்தண்டோ அடியிலேயே ஏறக்குறைய செங்கோணமாக மடங்கி ஒரு பக்கமாக விலகிவிடும். ஒரே பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழாமல் இருப்பதற்கான அமைப்பு இது. தென்னாப்பிரிக்காவில் இதே இனத்தை ஆராய்ந்தவர்கள், பெரிய பட்டாம்பூச்சிகள் தேன் உறிஞ்சும்போது அவற்றின் சிறகுகளில் மகரந்தம் ஒட்டி அடுத்த பூவுக்குச் செல்வதைக் கண்டறிந்தனர். சிறிய வண்டு பூவின் அடியில் இருக்கும் தேனைக் குடித்துவிட்டு, மகரந்தப்பையைத் தொடாமலே போய்விடலாம். அகன்ற சிறகுள்ள பட்டாம்பூச்சிக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை.

தோட்டத்தில் கையால் மகரந்தம் சேர்ப்பதற்குப் பட்டாம்பூச்சி குறைந்ததுதான் ஒரே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. ஏக்கர் கணக்கில் ஒரே செடி ஒரே சமயத்தில் பூத்தால், எந்த ஊரிலும் அத்தனை பூக்களுக்கும் பூச்சி போதாது. ஆயினும் பட்டாம்பூச்சியின் வேலைக்குக் கூலி கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்பதை இந்தத் தோட்டங்கள் காட்டுகின்றன.

மகரந்தம் சுமக்கும் விதம்

தேனீ தன் குஞ்சுகளுக்கு உணவாக மகரந்தத்தைத் தேடிச் சேகரிக்கிறது. பட்டாம்பூச்சிக்கு மகரந்தத்தில் அந்தத் தேவை இல்லை. அது தேனுக்காக வருகிறது. மகரந்தம் அதன் உறிஞ்சுகுழலிலும் தலையிலும் கால்களிலும் சிறகிலும் தற்செயலாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே ஒரு வருகையில் அது கொண்டுசெல்லும் மகரந்தம் தேனீ கொண்டுசெல்வதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் தேனீக்கு இல்லாத சில வசதிகள் அதற்கு உண்டு. சுருட்டி வைத்த நீண்ட குழலால், இட்லிப்பூ எனப்படும் வெட்சி போன்ற ஒடுங்கிய நீள்குழல் பூக்களின் அடிவரை எட்ட முடியும். தேனீயின் கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத சிவப்பு நிறத்தைப் பல பட்டாம்பூச்சிகள் நன்றாகப் பார்க்கும். தேனீ கூட்டுக்குத் திரும்பியாக வேண்டும். பட்டாம்பூச்சிக்குக் கூடு கிடையாது. அது போகிற போக்கில் மகரந்தத்தையும் வெகுதூரம் கொண்டுபோகிறது. காடுகள் துண்டு துண்டாகிவிட்ட நிலையில், பிரிந்து நிற்கும் செடிகளுக்குள் கலப்பு நிகழ இந்தத் தொலைதூரப் பயணம் உதவுகிறது.

தரங்கம்பாடியில் தொடங்கிய பதிவு

தமிழ்நாட்டுப் பட்டாம்பூச்சிகள் அறிவியல் நூல்களில் ஏறிய வரலாறு கடற்கரையில் தொடங்குகிறது. 1768-ல் டேனியர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர் ஜோகன் கெர்ஹார்ட் கோனிக். இவர் லின்னேயஸின் மாணவர். பின்னர் ஆற்காடு நவாபிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியிலும் இயற்கை ஆய்வாளராகப் பணிபுரிந்தார். செடிகளோடு பூச்சிகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் லின்னேயஸின் மற்றொரு மாணவரான ஃபப்ரீசியஸ். அவருடைய நூல்களில் பல பூச்சிகளுக்கு இருப்பிடம் தரங்கம்பாடி என்றே குறிக்கப்பட்டுள்ளது. இப்போது மாநிலப் பட்டாம்பூச்சியாக இருக்கும் தமிழ் மறவனுக்கும் 1787-ல் அறிவியல் பெயர் சூட்டியவர் இவரே.

அடுத்த நூற்றாண்டில் கவனம் மலைக்கு ஏறியது. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன், 1888-ல் அந்த மாவட்டத்தின் பட்டாம்பூச்சிகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். 1905-லும் 1907-லும் பிங்காமின் இரு தொகுதிகள் வந்தன. பின்னர் ஈவான்ஸின் அடையாளக் கையேடு வந்தது. இவை எல்லாவற்றிலும் சிறகின் நிறமும் புள்ளியும் நரம்பும்தான் முதன்மை. ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்த பூச்சியை வைத்து எழுதிய நூல்களில் அப்படித்தான் இருக்கும்.

புழுவை முதன்மையாக வைத்து எழுதியவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே, மேற்குக் கரையில் இருந்தனர். கார்வார் பகுதியில் வனத்துறை அலுவலராக இருந்த டி. ஆர். பெல், ஆட்சித்துறையைச் சேர்ந்த டேவிட்சன், உப்பு, சுங்கத் துறையில் பணியாற்றிய எய்ட்கன் ஆகிய மூவரும் புழுக்களைத் தேடிப் பிடித்து வளர்த்தனர். எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, எத்தனை நாளில் கூட்டுப்புழுவாகிறது என்று எழுதி வைத்தனர். பின்னர் பெல், இந்தியச் சமவெளிகளின் பட்டாம்பூச்சிகள் குறித்து 1909 முதல் ஒரு நீண்ட தொடரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். இன்றைய பாதுகாப்புப் பணிக்கு ஹாம்ப்சனின் பட்டியலைவிட இந்தப் புழுக் குறிப்புகளே அதிகம் பயன்படுகின்றன. ஒரு பட்டாம்பூச்சி இனத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் தெரிய வேண்டியது அதன் புழு தின்னும் செடி.

பொதுமக்களும் மாணவர்களும் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நூல் 1957-ல் வந்தது. அதை எழுதிய வின்டர்-பிளைத், நீலகிரிப் பட்டாம்பூச்சிகளை 1940-களில் ஆராய்ந்தவர். தொழிலால் பள்ளி ஆசிரியர். ராஜ்கோட்டின் ராஜ்குமார் கல்லூரியில் முதல்வராக இருந்தார். 1980-களில் டென்மார்க்கைச் சேர்ந்த டோர்பென் லார்சன் நீலகிரியை மறுபடி முழுமையாக ஆய்வு செய்து, ஏறக்குறைய 300 இனங்களின் பட்டியலை வெளியிட்டார். நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே மலைக்கு இரண்டு பட்டியல்கள் கிடைத்தது தமிழ்நாட்டின் நல்வாய்ப்பு. இந்தியாவில் பல மலைகளுக்கு முதல் பட்டியலே சரியாக இல்லை.

எது எங்கே வாழ்கிறது

தமிழ்நாட்டில் இதுவரை 320-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் பதிவாகியுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கின்றன. அதனால் பட்டாம்பூச்சி என்றாலே மலை என்ற எண்ணம் பரவிவிட்டது. இனங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் அது உண்மை. வயலிலும் தோப்பிலும் வீட்டுத் தோட்டத்திலும் பூக்களுக்கு வரும் பட்டாம்பூச்சிகளைப் பார்த்தால், சமவெளிக்குரிய சாதாரண இனங்களே முன்னால் நிற்கின்றன. இவற்றின் பரவல் பெரும்பாலும் புழுவின் உணவுச்செடியைப் பொறுத்தது.

எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி ஆகியவற்றின் புழுக்கள் எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை ஆகியவற்றின் இலைகளைத் தின்கின்றன. எனவே அவை தெருவெங்கும் உள்ளன. எருக்கு முளைக்கும் இடமெல்லாம் வெந்தய வரியன் இருக்கும். சரக்கொன்றையும் ஆவாரையும் இருந்தால் மஞ்சள் நிறப் பட்டாம்பூச்சிகள் வந்து முட்டையிடும். நெட்டிலிங்கம் அழகு மரமாக நகரத் தெருக்களில் நடப்பட்டபோது, அதன் இலையைத் தின்னும் பச்சைப் புள்ளிப் பட்டாம்பூச்சி ஒன்று நகரத்துக்குள் குடியேறிவிட்டது.

சிவப்புடல் அழகியின் கதை சற்று வேறு. கருஞ்சிறகும் சிவந்த உடலும் கொண்ட இதன் புழு, ஈஸ்வரமூலியையும் ஆடுதீண்டாப்பாளையையும் சார்ந்து வாழ்கிறது. ஆடு வாய் வைக்காது என்பது செடியின் பெயரிலேயே இருக்கிறது. ஆட்டை விரட்டும் அந்த நச்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. சிறகு முளைத்த பிறகும் நச்சு போவதில்லை. ஒருமுறை தின்று பார்த்த பறவை மறுமுறை தொடாது. இதைப் பயன்படுத்திக்கொள்வது கறிவேப்பிலை அழகி. அதன் பெண் பூச்சிகளில் ஒரு வகை, நச்சில்லாமலே சிவப்புடல் அழகியைப் போன்ற தோற்றத்தில் பறந்து தப்பிக்கிறது. மேற்கு மலைகளின் பொன்னழகிக்கும் ஈஸ்வரமூலிக் குடும்பமே உணவு. இந்தியாவின் மிகப் பெரிய பட்டாம்பூச்சி என்ற பெயர் நெடுங்காலம் பொன்னழகிக்கு இருந்தது. 1932-ல் ஈவான்ஸ் குறித்த 190 மில்லிமீட்டர் அளவை, 2020-ல் உத்தராகண்டில் கிடைத்த 194 மில்லிமீட்டர் பட்டாம்பூச்சி முந்தியது. அதுவும் பொன்னழகியின் உறவுதான்.

நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் வேறொரு கூட்டம் வாழ்கிறது. நீலகிரிக்கே உரிய மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்றின் நெருங்கிய உறவினங்கள் இமயமலையில் இருக்கின்றன. இடையில் உள்ள வெப்பச் சமவெளியில் அவற்றைக் காண முடியாது. குளிர் மிகுந்த முற்காலத்தில் பரவியவை, வெப்பம் கூடியபோது உச்சிகளில் தங்கிவிட்டன என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி தேயிலைக்கும் தைல மரத்துக்கும் வாட்டில் மரத்துக்கும் போனது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய மரம் நடுதல் விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்தது. புல்வெளியை ‘வெறும் நிலம்’ என்று கணக்கில் எழுதியதன் விளைவு இது. உச்சிக்கு மேலே ஏற இடமில்லாத இனங்களுக்கு, சமவெளிப் பூச்சிகளைப் போல வேறிடம் பார்த்துப் போகும் வசதியும் இல்லை.

வலசை

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் பணியாற்றி, 1909-ல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டறிந்து புகழ்பெற்றவர் ஜான் எவர்ஷெட். அவர் அடுத்த ஆண்டு பம்பாய்க் கழகத்தின் இதழில் எழுதிய ஒரு குறிப்பு பட்டாம்பூச்சிகளின் வலசையைப் பற்றியது. மலைமேல் கூட்டம் கூட்டமாகப் பறந்து செல்லும் பட்டாம்பூச்சிகள் வானியலாளரின் கண்ணிலும் பட்டிருக்கின்றன.

இப்பயணத்தில் முதன்மையானவை நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவையும் அவற்றின் உறவினங்களும். நீல வரியன்களின் பேரினத்துக்கு 1880-ல் ஃபிரெடரிக் மூர் வைத்த பெயர் ‘திருமலா’. பொதுவாக, தென்மேற்குப் பருவமழையின் கடுமை தொடங்கும் முன் மேற்கு மலைகளிலிருந்து கிழக்கே சமவெளிகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இவை செல்கின்றன. அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் அடுத்த தலைமுறைகள் மேற்கு நோக்கித் திரும்புகின்றன. போன பூச்சியே திரும்பி வருவதில்லை; வழி தெரியாத சந்ததி வழி தவறாமல் வருகிறது. இலங்கையிலும் பட்டாம்பூச்சிக் கூட்டங்கள் மலையை நோக்கிப் பறப்பது பழங்காலம் முதலே அறிந்த செய்தி. சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் ‘சமனல கந்த’, அதாவது பட்டாம்பூச்சி மலை, என்றும் பெயர் உண்டு.

வழியில் இந்தப் பூச்சிகளுக்கு வேண்டியவை தேன் மட்டுமல்ல. ஆண் வரியன்கள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளில் மொய்த்து, காய்ந்த தண்டையும் இலையையும் சுரண்டி ஆல்கலாய்டுகளை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் மணப்பொருளை உண்டாக்க அவற்றுக்கு இது தேவை. இந்தச் செடிகள் சாலையோரத்திலும் தரிசிலும் வளர்பவை. மேட்டுப்பாளையத்துக்கு அருகே நீலகிரி அடிவாரத்தில் உள்ள கல்லாறு, பட்டாம்பூச்சிகள் பெருமளவில் கூடும் இடம். ஆற்றங்கரை ஈரமண்ணில் ஆண் பூச்சிகள் வரிசையாக அமர்ந்து உப்புச் சத்தை உறிஞ்சுவதை அங்கே காணலாம். சரணாலயம் என்று ஓரிடத்தை வேலியிட்டால் இப்படி மாநிலத்தின் குறுக்கே போய்வரும் பூச்சியைக் காப்பாற்ற முடியாது. அதற்கு இரு முனைகளிலும் செடி வேண்டும், நடுவிலும் வேண்டும்.

சட்டமும் பூங்காவும்

வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. பின்னர் பட்டாம்பூச்சி இனங்கள் பலவும் அதன் அட்டவணைகளில் இடம்பெற்றன. சிவப்புடல் அழகியும் முதல் அட்டவணையில், புலி இருக்கும் பட்டியலில், சேர்க்கப்பட்டது. பூச்சியைப் பிடித்து விற்பதைத் தடுக்க இது தேவையான ஏற்பாடே. ஆனால் தமிழ்நாட்டுச் சமவெளியில் சிவப்புடல் அழகியை யாரும் வலை வீசிப் பிடிப்பதில்லை. அதன் புழுவுக்கு உணவான ஆடுதீண்டாப்பாளை கரிசல் வயலில் களையாக முளைக்கிறது, களைக்கொல்லிக்கு மடிகிறது. சிறகுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, இலைக்கு இல்லை.

2015-ல் திருவரங்கத்துக்கு அருகே மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, வனத்துறையின் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. பூச்சிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விடுவதற்குப் பதிலாக உணவுச்செடிகளையும் தேன் தரும் செடிகளையும் நட்டு அவற்றை வரவழைத்த முறை பாராட்டுக்குரியது. பெல்லின் புழுக் குறிப்புகள் காட்டிய வழியும் இதுதான்.

2019-ல் தமிழ் மறவன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. மராட்டியம், உத்தராகண்ட், கர்நாடகம், கேரளம் ஆகியவற்றுக்குப் பிறகு இப்படி அறிவித்த ஐந்தாவது மாநிலம் தமிழ்நாடு. ஆரஞ்சு நிறமும் கரிய ஓரமும் கொண்ட இந்த இனம் மேற்கு மலைக்காடுகளில் கூட்டமாகப் பறப்பது. நீரடிமுத்து மரத்தின் இலையில் இதன் புழு வளர்கிறது. தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலையேறாத மாணவர் இதைப் படத்தில் மட்டுமே பார்த்திருப்பார். சமவெளி மாணவர் பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் எருக்கஞ்செடியில் வெந்தய வரியனை நேரில் பார்க்கலாம். 2020 முதல் செப்டம்பர் மாதத்தில் நாடு முழுவதும் பொதுமக்கள் பட்டாம்பூச்சிகளைப் பதிவு செய்யும் வழக்கம் வந்துள்ளது. இந்தச் சாதாரண இனங்கள் கணக்கில் ஏற அது வழி செய்திருக்கிறது.

உண்ணிச்செடி பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்டுக் காடெங்கும் பரவிய இதன் பூவில் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். இதனால் பட்டாம்பூச்சிக்கு நல்ல செடி என்று சிலர் நட்டு வளர்க்கின்றனர். தேன் கிடைப்பது உண்மை. ஆனால் அது அடர்ந்து வளர்ந்த இடத்தில் புழுவுக்கு வேண்டிய உள்ளூர்ச் செடிகள் எழ முடிவதில்லை. அதனால் அடுத்த தலைமுறை அங்கே குறைகிறது.

கிளுவை வேலி

மூலனூர், தாராபுரம், காங்கேயம், கரூர்ப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களுக்குக் கொறங்காடு என்று பெயர். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் கொண்ட இந்த நிலங்களைச் சுற்றி முள்ளுக்கிளுவையால் உயிர்வேலி அமைப்பது அப்பகுதி வழக்கம். வேலி என்றாலும் அதில் கிளுவை மட்டும் இருக்காது. ஆதொண்டை ஏறும்; பாலைக் கொடிகள் படரும்; அடியில் தும்பையும் கிலுகிலுப்பையும் முளைக்கும். ஆதொண்டையில் வெள்ளை நிறப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் வளரும். கொடிப்பாலையில் நீல வரியனின் புழு வளரும். உழவும் மருந்தும் படாத இந்த ஓரடி, ஈரடி அகலப் பட்டையில்தான் சமவெளியின் பட்டாம்பூச்சிகள் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. உயிர்வேலியை ஆண்டுதோறும் கழித்துக் கட்ட ஆள் வேண்டும். ஆள் கிடைக்காதபோது, கம்பிவேலி போட்டுவிடலாம் என்று உழவர் நினைப்பதில் வியப்பில்லை. நிலம் மனையாக விற்கப்படும்போது முதலில் போவதும் வேலிதான்.

கண்வலிக்கிழங்குக் கொடி ஏறுவதற்கும் இதே முள்ளுக்கிளுவையைத் தோட்டத்துக்குள் நடுகின்றனர். செங்காந்தளுக்கு ஒரு பகை உண்டு. அந்துப்பூச்சி ஒன்றின் புழு இலையை மொட்டையடித்துவிடும். அதற்குப் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். அந்துப்பூச்சியும் பட்டாம்பூச்சியும் ஒரே வரிசையைச் சேர்ந்த பூச்சிகள் என்பதால், ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதை விட்டுவைக்காது. வேலி ஓரத்தில் மருந்து படாமல் பார்த்துக்கொள்வதும், பூக்களுக்குப் பூச்சி வரும் காலை நேரத்தில் அடிக்காமல் இருப்பதும் கூடுதல் செலவில்லாமல் செய்யக்கூடியவை.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் சிறியது. கறிவேப்பிலைச் செடியின் இலைமேல் பறவை எச்சம் போலக் கருப்பும் வெள்ளையுமாக ஒன்று ஒட்டியிருந்தால், அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி அல்லது எலுமிச்சை அழகியின் இளம்புழு. சில நாட்களில் அது பச்சை நிறமாகி, கொழுத்து, கிளையில் நூல் கட்டித் தொங்கும். முட்டையிலிருந்து சிறகு வரை ஏறக்குறைய ஒரு மாதம். அதற்குள் அது சில கொத்து இலைகளைத் தின்றிருக்கும். அடுத்த மழைக்குச் செடி மறுபடி தளிர்த்துவிடும்.